சாமி கேக்காத மொட்டை

என் முடி எப்போ கொட்டும்னு டாக்டரம்மா நாள் குறிச்சுக் கொடுத்தாங்க. "மொதல் ஊசி போட்டதுல இருந்து பதினஞ்சு, பதினாறு நாள் ஆகும். அதுக்குள்ள மனசைத் தயார் பண்ணிக்கோங்க"ன்னாங்க. மகளுக்குக் கல்யாண நாள் பாத்துக்கிட்டிருந்த வீட்ல, ஆத்தாக்காரி முடிக்கு நாள் குறிச்சாச்சு.

நான் மாதம்மா. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில குடியிருக்கோம். வண்டிகளுக்கு ஒயரிங் செட் பண்ற கம்பெனியில பதினெட்டு வருஷ சர்வீஸ், இப்போ லைன் லீடர். என் வாய்க்கு லைன்ல ஒரு பட்டப்பேர் உண்டு, அதை இங்க எழுத முடியாது. வீட்டுக்காரர் கோவிந்தன் கம்பெனி பஸ் ஓட்டறாரு. நான் பேசறதுல பத்துல ஒரு பங்குகூட அவரு பேச மாட்டாரு. ஒரே பொண்ணு ரம்யா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலைக்குப் போறா. எனக்கு இப்போ வைத்தியம் எல்லாம் முடிஞ்சுது. ஆனா அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல இன்னைக்கும் யாராவது ஒருத்தி மொதல் தடவையா டோக்கனைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்குத்தான் இதை எழுதறேன்.

குளிக்கும்போது இடது மார்புல பச்சைப்பட்டாணி அளவுக்கு ஒண்ணு கைல தட்டுச்சு. வலி இல்ல. வலி இல்லன்னதும் விட்டுட்டேன். ஒரு ஒயர் லூஸா இருந்தா மொத்த லைனையும் நிறுத்தி வச்சுக் கத்தற ஆளு, ஒடம்புல ஒரு கட்டியை நாலு மாசம் ஓட விட்டேன். எம்புத்தியைச் செருப்பால அடிக்கணும். வலிக்காத கட்டின்னா ஒண்ணுமில்லைன்னு தயவுசெஞ்சு யாரும் நெனைக்காதீங்க. அதைத்தான் மொதல்ல காட்டணும்.

இங்க காட்டினதும் பெங்களூருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. மார்பை ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு அமுக்கிப் படம் எடுத்தாங்க, அது மேமோகிராம். கட்டிக்குள்ள ஊசியை விட்டுத் துளி சதை எடுத்துச் சோதிச்சாங்க, அது பயாப்ஸி. ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த ஹால்ல உக்காந்திருக்கணும். கன்னடம், தெலுங்கு, தமிழ், உருதுன்னு நாலு பாஷையில பயம் ஓடும் அங்க. பயத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்ல. ரிசல்ட் வந்துச்சு. புத்துநோய்தான், ஆனா பரவல. மொதல்ல ஆபரேஷன், அப்புறம் மூணு வாரத்துக்கு ஒண்ணா எட்டு கீமோ ஊசி, கடைசியா கரண்டு வைக்கிறதுன்னாங்க. கரண்டுன்னா கதிர்வீச்சு. காப்பீட்டு அட்டை இருந்ததால பில்லைப் பாத்து மயங்கி விழல.

ஆனா என் பயம் வேற. ரிசல்ட்டுக்குப் பத்து நாள் முன்னாடிதான் பர்கூர்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து ரம்யாவைப் பாத்துட்டுப் போயிருந்தாங்க. தங்கமான பையன், ஓசூர்லயே இன்ஜினியர். மாந்தோப்பு வச்சிருக்கிற குடும்பம். பையனோட அம்மா சரோஜா அக்காவுக்குச் சாமின்னா உசுரு. நெத்தியில காசு அளவுக்குக் குங்குமம் வச்சிருப்பாங்க. எங்க ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சுப் போச்சு. ரம்யா மொகத்துலயும் ஒரு வெளிச்சம். இந்த நேரத்துல அம்மாக்காரிக்கு இந்த வியாதின்னு தெரிஞ்சா? "அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்"னு சொல்லாத வாய் உண்டா நம்ம பக்கத்துல?

டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். "எல்லாருக்கும் அப்படி வர்றதில்ல, சில குடும்பங்கள்லதான் வழிவழியா வரும். அதுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு. ஒரு வயசுக்கு மேல உங்க பொண்ணு ஒழுங்கா செக்கப் பண்ணிக்கட்டும்"னு பொறுமையா சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சுது. ஊருக்கு யார் புரிய வைக்கிறது? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதனால ஆபரேஷனைக் கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லிட்டேன். கர்ப்பப்பைன்னு சொல்லிட்டா அதுக்கு மேல ஆம்பளைங்க கேக்க மாட்டாங்க, பொம்பளைங்க அவங்கவங்க ஆபரேஷன் கதையை ஆரம்பிச்சுடுவாங்க.

மொதல் கீமோவுக்குச் சாய்வு நாற்காலியில உக்கார வச்சு, கையில ஊசி குத்தி, செவப்பா ஒரு மருந்து ஏத்தினாங்க. ரெண்டு நாள் மூத்திரமும் செவப்பாத்தான் போகும், பயப்படாதீங்க. வேகமா வளர்ற செல்லு எதைப் பாத்தாலும் அந்த மருந்து அடிக்குமாம். புத்துநோய் செல்லும் வேகமா வளரும், முடியோட வேரும் வேகமா வளரும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஊசி போட்ட கன்னடத்து சிஸ்டர் என் ஜடையைத் தொட்டுப் பாத்துட்டு, "கூதலு ஹோகுத்தெ, மத்தெ பருத்தெ"ன்னாங்க. முடி போகும், திரும்ப வரும்னு அர்த்தம். இடுப்பு வரைக்கும் தொங்கின ஜடை அது. போறதை மட்டும் காதுல வாங்கிக்கிட்டேன்.

எங்க லைன்ல புல் டெஸ்ட்னு ஒண்ணு உண்டு. முனையில கிளிப்பு மாட்டின ஒயரைப் பிடிச்சு இழுத்துப் பாப்போம். கழண்டு வந்தா ரிஜெக்ட், வரலன்னா பாஸ். பத்தாம் நாள்ல இருந்து தினம் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு என் முடிக்கு நானே புல் டெஸ்ட் பண்ணினேன். பத்து பாஸ், பன்னெண்டு பாஸ், பதினஞ்சும் பாஸ். டாக்டரம்மா கணக்குத் தப்புன்னு ஒரு திமிர் வந்துச்சு. பதினேழாம் நாள் மண்டைத்தோல் புண்ணு மாதிரி வலிச்சுது. இழுத்தேன். ஒரு கத்தை கையோட வந்துருச்சு.

அழுதேன். கட்டின்னு சொன்னப்ப அழாதவ, ஆபரேஷனுக்கு அழாதவ, முடிக்கு ஒப்பாரி வச்சேன். உசுரு பொழைக்கறதைப் பாக்காம மசுருக்கு அழறாளேன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு. இருந்தாலும் சொல்றேன், அழுகை வந்தா அழுதுடுங்க. கட்டி உள்ள இருந்துச்சு, யாரும் பாக்கல. முடி போனா கண்ணாடி தினம் தினம் சொல்லிக் காட்டும்.

அந்த வாரம் ஒரு அதிசயம். தலைகாணியில முடியே இல்ல. குளிச்சா கொத்துக் கொத்தாப் போகுது, தலைகாணி மட்டும் எப்படிச் சுத்தமா இருக்குன்னு எனக்குக் கொழப்பம். ஒருநாள் விடிகாலையில கண்ணு முழிச்சா, இந்த மனுஷன் கையில பார்சல் ஒட்டற பிரவுன் டேப்பைச் சுத்திக்கிட்டு, என் தலைமாட்டுல மெதுவா ஒத்தி ஒத்தி எடுத்துக்கிட்டிருக்காரு. "என்னாத்துக்கு இந்த வேலை?"ன்னேன். "எழுந்ததும் அதைப் பாத்தீன்னா நாள் முச்சூடும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ. எனக்கில்ல கஷ்டம்"னாரு. பேசாத மனுஷன் பேசினா இப்படித்தான்.

அப்போதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நம்ம ஊர்ல ஒரு பொம்பளை மொட்டைத் தலையோட நின்னா, என்ன நோயின்னு மொதல்ல யாரும் கேக்க மாட்டாங்க, எந்தக் கோயில்னுதான் கேப்பாங்க. போர்வெல்ல தண்ணி வந்தா மொட்டை, பையன் பாஸானா மொட்டைன்னு பழகின சனம். ரம்யாவுக்கு நல்ல இடம் அமைஞ்சா பெருமாளுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன், அமைஞ்சுது, போட்டுட்டேன். எவ்வளவு அழகான பொய்! சம்பந்தி வீட்டுக்கும் பெருமை.

ரம்யா ஒத்துக்கவே இல்ல. "லூஸ் கனெக்‌ஷனை டேப் சுத்தி மறைச்சு அனுப்பினா நீ விடுவியாம்மா? ரிஜெக்ட்தான போடுவ? நாளைக்குத் தெரிஞ்சா என்னையில்ல கேப்பாங்க"ன்னா. "கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காத"ன்னு அடக்கிட்டேன். அவ போனை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா. அடங்கிட்டான்னு நெனைச்சேன்.

பிளேடு போடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில கண்டிப்பாச் சொல்லியிருந்தாங்க. கிருமியோட சண்டை போடற வெள்ளை அணுக்கள் அப்போ ரத்தத்துல கொறைஞ்சிருக்கும், சின்னக் கீறல் பட்டாலும் சீழ் பிடிச்சுக்கும். அதனால பொழக்கடையில ஸ்டூல் போட்டு எங்க வீட்டுக்காரரே டிரிம்மர்ல எடுத்துவிட்டாரு. பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா பாத்துக்கிட்டே நின்னாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை, இவங்க வீட்லயே தைப்பாங்க. வெளி ஆளுங்கள்ல உண்மை தெரிஞ்சது அவங்களுக்கு மட்டும்தான். முடிச்சதும் உள்ள போயி, என் சாமி மாடத்துல இருந்து சந்தன வில்லையை எடுத்துக்கிட்டு வந்து கொழைச்சாங்க. "பொய் சொல்றதுன்னு ஆயிருச்சு, ஒழுங்காச் சொல்லு. சந்தனம் இல்லாத மொட்டையை எவ நம்புவா?"ன்னு தலை முழுக்க அவங்க கையாலயே பூசிவிட்டாங்க. எரிஞ்சுக்கிட்டிருந்த தலைக்கு அது எவ்வளவு குளுமையா இருந்துச்சு தெரியுமா.

சரோஜா அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எங்க பையன் அமைஞ்சதுக்காகவாங்க இந்த வயசுல முடி கொடுத்தீங்க?"ன்னாங்க. போனை வச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அந்த உறுத்தலைத் தூக்கி ஓரமா வச்சுட்டேன்.

தலையைப் பாத்துக்கறதைக் கொஞ்சம் சொல்லிடறேன். வெயில்ல வெறுந்தலையோட போகாதீங்க, சுட்டுடும். சீயக்காய் வேண்டாம், கொழந்தைங்க சோப்பு போதும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவலாம். ராத்திரி குளிரும். ஷமீம் அக்கா பழைய பருத்திப் புடவையைக் கிழிச்சு எனக்கு அஞ்சு குல்லா தைச்சுக் கொடுத்தாங்க. அது மேல துணியை எப்படிக் கட்டினா பஸ்ல நழுவாதுன்னும் சொல்லிக் கொடுத்தாங்க. ரம்யா ஒரு விக் வாங்கிக்கிட்டு வந்தா. அந்த வெயிலுக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு அடுப்புல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டுக் கதவைத் தொறந்தா, இவரு "யாரு வேணும்ங்க?"ங்கறாரு. அன்னைக்கோட அது பெட்டிக்குள்ள போச்சு. இன்னொண்ணு, இதை யாரும் எனக்குச் சொல்லல: தலை முடி மட்டும் போறதில்ல. மூக்குக்குள்ள இருக்கிற முடியும் போயிடும், அதனால சளி இல்லாமயே மூக்கு ஒழுகும். இமை முடி போனா பஸ் ஜன்னல்ல வர்ற தூசியெல்லாம் கண்ணுக்குள்ளதான். எப்பவும் ஒரு கைக்குட்டையும் சாதா கண்ணாடியும் வச்சுக்கோங்க.

மொட்டை போட்டு ஒண்ணரை மாசம் இருக்கும். சரோஜா அக்கா ஒரு கூடை மாம்பழத்தோட வந்து நின்னாங்க. நான் அவசரமாக் குல்லாவைத் தேட, "எடுக்காதீங்க, சாமிக்குக் கொடுத்த தலை, தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்"னு உள்ளங்கையை என் தலையில வச்சாங்க. கொஞ்ச நேரம் வச்சிருந்தாங்க. அப்புறம் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. மடை மாதிரி பேசறவங்க அன்னைக்குக் காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. பக்தியில வாயடைச்சுப் போச்சுன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

நாலு ஊசிக்கு அப்புறம் மருந்தை மாத்தினாங்க. விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. ஒருநாள் மூஞ்சி கழுவினா புருவமும் போச்சு. கண்ணாடியில முட்டைக்குக் கண்ணு வரைஞ்ச மாதிரி ஒருத்தி நிக்கிறா. எந்தச் சாமியும் புருவத்தைக் காணிக்கை கேட்டதா நான் கேள்விப்பட்டதில்ல. ஷமீம் அக்காதான் கண்மை பென்சில்ல தெனம் வரைஞ்சுவிட்டாங்க. தாம்பூலம் மாத்தற நாள் வந்துச்சு. இருபது பேரு பர்கூர்ல இருந்து வந்திருந்தாங்க. பட்டுப்புடவை, முக்காடு, கறுப்பா வளைஞ்ச ரெண்டு புருவம்னு நான் ஜோரா இருந்தேன். கேசரியைக் கிண்டப் போனதுதான் தப்பு. அடுப்புச் சூட்டுல வேர்த்து ஊத்துச்சு. முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டுத் திரும்பினா, சமையக்கட்டு வாசப்படியில சரோஜா அக்கா.

உள்ள வந்தாங்க. கதவைச் சாத்தினாங்க. "பென்சில் எங்க வச்சிருக்கீங்க?"ன்னாங்க.

"எந்தப் பென்சிலுங்க அக்கா?"

"ஒத்தைப் புருவம் அழிஞ்சு போச்சு. இப்படியே நடு ஊட்டுக்கு வந்தீங்கன்னா தாம்பூலத் தட்டை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

பொண்ணு வாழ்க்கை போச்சுன்னுதான் நெனைச்சேன். அலமாரியைக் கை காட்டினேன். என்னை அரிசி மூட்டை மேல உக்கார வச்சு, தாடையைப் பிடிச்சு நிமித்தி, வரைய ஆரம்பிச்சாங்க.

"எப்போ தெரியும்?"னு கேட்டேன்.

"மாம்பழம் கொண்டாந்த அன்னைக்கே. எங்க ஊட்டுல மாடு கன்னு போட்டாக்கூட யாராவது மொட்டை போடுவோம்ங்க. ஒண்ணரை மாசத்து மொட்டைன்னா உள்ளங்கையில முள்ளுக் குத்தணும். உங்க தலை தேய்ச்ச சொம்பு மாதிரி வழுக்குச்சு."

மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. மொட்டைன்னா திரும்ப முளைக்கணும்! வருஷம் தவறாம மொட்டையைப் பாக்கிற குடும்பத்துக்கிட்ட, முளைக்காத மொட்டையைக் காட்டி நான் வேண்டுதல் கதை விட்டிருக்கேன்.

"பையனைக் கேட்டேன். 'அத்தை மொட்டை போட்ட வாரமே ரம்யா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாம்மா, உங்கிட்ட அத்தையே சொல்லட்டும்னு இருந்தேன்'னான்."

"அப்புறமும் தாம்பூலத்துக்கு வந்திருக்கீங்களே அக்கா."

"நோவு யாருக்குத்தான் வராது? அதுக்காகப் பொண்ணு வேண்டாம்ங்கற ஆளா நானு? ஆனா ஒண்ணுங்க. எம்பையனுக்காக முடி கொடுத்தேன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு நான் சாமி முன்னாடி உக்காந்து அழுதேன். அது பொய்யின்னு தெரிஞ்சப்ப ரெண்டு நாள் சோறு எறங்கல. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லலியே?"

"தப்புதான் அக்கா. மன்னிச்சுருங்க. எம்பொண்ணுக்காகத்தான்"னு சொல்லும்போதே பொலபொலன்னு வந்துருச்சு.

"அழாதீங்க, வரைஞ்சது கரையும்"னு அதட்டிட்டு, அவங்க முந்தானையில என் கண்ணை ஒத்தினாங்க. அப்புறம், "மருந்துக்குப் போன முடி சாமிக்குச் சேராது. சாமி பேரைச் சொல்லியாச்சு, உங்க வேண்டுதல் அப்படியே நிக்குது. முடி வளரட்டும், ரெண்டு பேருமாப் போயித் தீத்துட்டு வருவோம். இப்போ அடுத்த ஊசி என்னைக்கு? கூட யார் வராங்க? கோவிந்தண்ணன் பஸ்ஸை விட்டுட்டு எத்தனை நாள் லீவு போடுவாரு? நான் வரேன்"னாங்க. அடுத்த ஊசிக்குப் பர்கூர்ல இருந்து விடிகாலை பஸ் பிடிச்சு வந்துட்டாங்க. கீமோ ஹால்ல எனக்கு முன்னாடி உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே பக்கத்து நாற்காலிக் கன்னடத்துப் பொம்பளைக்கும் கை ஜாடையில கதை சொன்னாங்க.

ரம்யாவை நான் திட்டல. திட்ட எனக்கு எந்த மூஞ்சி இருக்கு?

ஊசி எல்லாம் முடிஞ்சு, கரண்டு வச்சுக்கிட்டிருந்த மாசத்துல தலையில பொசுபொசுன்னு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. மொதல்ல கோழிக்குஞ்சு ரோமம் மாதிரி, அப்புறம் கறுப்பா, அப்புறம் பாத்தா சுருள் சுருளா! எங்க பரம்பரையிலயே சுருட்டை முடி கெடையாது. கீமோவுக்கு அப்புறம் சில பேருக்கு அப்படி வருமாம். கண்ணாடி முன்னாடி நின்னு பிடிச்சு இழுத்தேன். வரல. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வலிச்சுது, ஆனா வரல. "பாஸ்!"னு நான் கத்தின கத்துல இவரு பாதிச் சவரத்தோட ஓடி வந்தாரு.

ரம்யா கல்யாணம் முடிஞ்சுது. முடி கட்டைவிரல் நீளம் வந்துருச்சு. சரோஜா அக்காகிட்ட இருந்து போன், "போலாங்களா?"ன்னு. சாமி பேர்ல பொய் சொன்னவ, கொடுக்கத்தான் வேணும். ஆனா இந்த முடியைக் கொடுக்கவா? ஒவ்வொண்ணையும் எண்ணி எண்ணி வளத்தேனே. வேலைக்குத் திரும்பியிருந்தேன், ரெண்டு நாளா ரிஜெக்ட் வந்தாக்கூட கத்தல. லைன்ல பொண்ணுங்களே பயந்துட்டாங்க.

கடைசியில போனோம். பெருமாள் மலைக்கோயில்ல முடி காணிக்கைக்குச் சீட்டுக் கொடுக்கிற எடத்துல சரோஜா அக்கா திரும்பிப் பாத்தாங்க. "முழு மொட்டையா, பூமுடியா? நீங்க வேண்டினது, நீங்களே சொல்லுங்க"ன்னாங்க. பூமுடின்னா மூணு கத்திரிப்பு மட்டும். நான் அவங்க மொகத்தையே பாத்தேன். "என்னைப் பாக்காதீங்க, அவனைப் பாத்துச் சொல்லுங்க"ன்னு சன்னதிப் பக்கம் கை காட்டினாங்க. பாத்தேன். "பூமுடி"ன்னேன்.

முடி எடுக்கிறவரு தலையைக் கோதிப் பாத்துட்டு, "இதுல எதைம்மா நான் வெட்டறது? கொழந்தை முடியாட்டம் இருக்குதே"ன்னாரு. ரெண்டு விரலால ஒரு சுருளைப் பிடிச்சு ஒண்ணு வெட்டினாரு. ரெண்டு. மூணு. சரோஜா அக்கா மஞ்சத்துணியில வாங்கிக்கிட்டாங்க. அந்த மனுஷன் ஓரம் சரி பண்றேன்னு கத்திரியோட இன்னொரு தடவை கையைக் கொண்டு வந்தாரு. நான் மணிக்கட்டை எட்டிப் பிடிச்சுட்டேன்.

"மூணு ஆச்சுங்க. மீதி என்னுது."